பிந்தி வந்த வசனம்

சனிக்கிழமை ராத்திரி ஏழு மணி: ஸ்பெயின்
என்று பால் கணக்குக் காலண்டரில் எழுதிவைத்தேன்.
உமையாள் பார்த்துவிட்டு
"விசா வேணாமா?" என்றாள்.
சிரித்துக்கொண்டே கேட்டாள்.
இந்த வருஷத்துக்கு அதுவே பெரிசு.

ஆலிவ் தேடிச் செக்காலை ரோட்டில்
மூன்று கடை ஏறினேன்.
மூன்றாவது கடைக்காரர்
"எண்ணெயா? கைக்குழந்தைக்குத் தேய்க்கவா?" என்றார்.
"இல்ல, திங்கிறதுக்கு" என்றேன்.
குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.
கலாக்காய் ஊறுகாய் போதும் என்று முடிவானது.

புரொஜெக்டர், அடைக்கப்பன் ஸ்டுடியோவில் இரவல்.
இரண்டு முகூர்த்தத்துக்கு நடுவே ஒரே ராத்திரி,
காலை ஆறுக்குத் திரும்பி வர வேண்டும்.
திரைக்கு என் எட்டு முழ வேட்டி,
கரையை உள்ளே மடித்து நான்கு குண்டூசி.
பன்னீர் திராட்சையைப் பிழிந்து
கமலா ஆரஞ்சு நறுக்கிப் போட்டு
கோலி சோடாவை உடைத்து ஊற்றினேன்.
"போதை?"
"அது படத்துல வரும்."

சின்னச் சின்னத் தட்டில் தின்பார்களாம் அங்கே.
குழிப்பணியாரத்தில் பல்குச்சி செருகி
அவர்கள் ஊர்க்காரனாக்கினேன்.
பெரிய சட்டியில்தான் சிக்கல்.
சீரகச் சம்பா இருந்தது, தொண்டி இறால் இருந்தது,
பூண்டு, தக்காளி, குடைமிளகாய் எல்லாம் இருந்தன.
குங்குமப்பூ ஒரு சிட்டிகை என்று போட்டிருந்தது.

ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைகளுக்கு மேல்,
அந்தச் சின்ன டப்பா.
அவள் சின்னத்தாள் ஐந்தாம் மாதம் கொண்டுவந்தது.
பாலில் நாலு இழை.
பதினோரு ராத்திரிதான் போட்டோம்.
கதவைத் திறந்தேன்.
தயிரை எடுத்துக்கொண்டு மூடினேன்.
பிறகு தயிர் எதற்கு என்று யோசித்து நின்றேன்.
சட்டியில் மஞ்சள்தூள் போட்டேன்.

படம் தொடங்கியதும் நாயகி வீட்டுத் தரையைக் காட்டினார்கள்.
"ஆத்தங்குடிக் கல்லுல்ல இது!
நம்ம ஹவுஸ் ஓனர் அங்கயும் வாடகைக்கு விட்டிருக்காரா?"
நாங்கள் உட்கார்ந்திருந்த பூவும்
வேட்டியில் விழுந்த பூவும்
ஏறத்தாழ ஒரே பூ.

அரைமணியில் எழுத்து பிந்தத் தொடங்கியது.
ஒருவன் கதவைத் தட்டி, உள்ளே வந்து,
கத்தி, அழுது, வெளியே போய்
கார் கிளம்பின பிறகு
"யாரது?" என்று கீழே வந்தது.
சரிசெய்யத் தெரியவில்லை எனக்கு.
"விடு, நாமளே பேசுவோம்" என்றாள்.
ஆண்களுக்கு நான், பெண்களுக்கு அவள்.
பாதிரியாரைச் சீட்டுக்காரராக்கினேன்,
மூன்று தவணை பாக்கி என்று மிரட்டினார்.
அவள் மாமியாரை ஊறுகாய் கேட்க வைத்தாள்.
சோடா மூக்கில் ஏறியது.

அப்புறம் ஒரு சமையலறை.
நாயகி முதுகைக் காட்டி நின்று
மெதுவாக ஏதோ சொன்னாள்.
உமையாள் அதே மெதுவில் பேசினாள்:

"மஞ்சத்தூள் போட்டிருக்கான்.
டப்பா கதவுலதான் இருக்கு, அவனுக்கும் தெரியும்.
எடுக்கப் பயம்.
தினம் பால் எடுக்கறப்ப
நானும் அதைப் பாக்காமத்தான் எடுக்கறேன்."

அடுத்து அந்த ஆள் பேச வேண்டிய இடம்.
வேட்டியில் அவன் வாய் அசைந்தது.
நல்ல நீளமான வசனம்.
எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.
ஊமைப் படமாக ஓடட்டும் என்று விட்டேன்.
அவளும் அவசரப்படுத்தவில்லை.

இரண்டு நிமிஷம் கழித்து
அவள் சொன்னதன் எழுத்து வந்து சேர்ந்தது:
"ஜன்னலைச் சாத்து, பூனை வந்துடும்."

உமையாள் எழுந்து போனாள்.
ஃப்ரிட்ஜ் வெளிச்சம் கூடம் வரை வந்து
தரையில் நாலு பூவைத் தொட்டது.
டப்பாவோடு வந்து உட்கார்ந்து
சட்டியில் மிச்சமிருந்த சோற்றில்
விரலால் கிள்ளிப் போட்டாள்.
"ஆறின சோத்துல நிறம் ஏறாதே" என்றேன்.
"ஏறாட்டி போகுது."

ஒரே கரண்டியால் தின்றோம்.
இறால் ரப்பராகியிருந்தது.
அங்கங்கே ஓர் இழை நாக்கில் தட்டியது.
வேட்டியில் யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள்,
யார் என்று இரண்டு நிமிஷத்தில் தெரியும்.